பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த சைகோன்

சைகோன், நாலாம் வட்டம்,
நவம்பர் 14

என் அன்பு மகன் கியெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். யாரோடும் பெரிய சண்டை இல்லை. இடது முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு மணி நேரம் முன்னால் முனக ஆரம்பித்துவிடுகிறது. கூரையில் அந்த மூலை ஒழுகியதே, அதை ஆள் வைத்து அடைத்தாயிற்று. நீ அங்கே ஒசாகாவில் குளிருக்கு உள்சட்டை போட்டுக்கொள்கிறாயா? போன தடவை போனில் பார்த்தபோது கழுத்து திறந்துதான் கிடந்தது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "சாப்பிட்டியா" என்கிறேன், "ம்" என்கிறாய். "வேலை எப்படி" என்கிறேன், "நேரமாச்சும்மா" என்கிறாய். நீ அந்தப் பெண் குயென் பேரை எடுத்தால் நான் போனை வைத்துவிடுகிறேன். நான் எடுத்தால் நீ வைத்துவிடுகிறாய். இரண்டு வருஷமாக இதே கூத்து. கடிதம் என்றால் யாரும் நடுவில் வெட்ட முடியாது. அதனால் உட்கார்ந்து முழுதாகப் படி. மாதக் கடைசியில் அந்தப் பட்டறைக்காரர்களிடம் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் படி.

நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். திட்டாதே. போன செவ்வாய்க்கிழமை நான் டூரிஸ்டாகப் போய் சைகோனைச் சுற்றிப் பார்த்தேன். ஆமாம், நானேதான். முப்பத்தெட்டு வருஷமாக இதே ஊரில், இதே சந்தில் நொய்ச்சோறு விற்கிறவள், மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை ஊர் பார்த்தேன். வண்டி ஓட்டி ஊர் காட்டியவள் உன் குயென்.

இதெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரி ஹுவாங் போட்ட திட்டம். எனக்கு இவ்வளவு மூளை கிடையாது. அவள் ஒருநாள் என் கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏன்டி லுவா, சந்தையில கத்தரிக்கா வாங்கப் போனா நாலு தடவை அமுக்கிப் பார்ப்ப, காம்பைத் திருகிப் பார்ப்ப. மருமகளா வர்ற பொண்ணை மட்டும் மூஞ்சியக்கூடப் பாக்காம வேணாம்னு தள்ளிட்டியே!" நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் பிறந்தது புலி வருஷம், நீ பிறந்தது குரங்கு வருஷம், இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும், சந்தைக்குப் பின்னால் உட்காரும் ஜோசியர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்து ஆகவே ஆகாது என்றார். ஹுவாங் கையில் இருந்த நாரைத் தொட்டியில் போட்டுவிட்டு, "அவரு எண்ணுனது வருஷத்தை. பொண்ணை யாரு எண்ணுனது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நாரை எடுத்து மிச்சப் பாத்திரத்தை நானே துலக்கினேன்.

குயென் வேலை செய்யும் கம்பெனியில் பெண்கள் வண்டி ஓட்டிச் சாயந்திரம் ஊர் காட்டுகிறார்கள் என்று நீதான் முதலில் பெருமையாகச் சொன்னாய். ஹுவாங் தன் போனில் இரண்டு இடம் பிடித்தாள். மீ தோ ஊரிலிருந்து வந்திருக்கும் அக்கா தங்கை, அக்கா பேர் துயெட், வயதானவள், குயென் என்ற பெண் நிதானமாக ஓட்டுவாளாமே, அவள்தான் வேண்டும் என்று எழுதிவிட்டாள். பொய் சொல்வதில் அவளுக்கு என்ன நேர்த்தி என்கிறாய்! எனக்கு ஒரு பூப்போட்ட தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி. சாயந்திரம் ஆறு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய தபாலாபீஸ் வாசலில் நின்றேன். பலூன் விற்கிறவன்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நாலு வண்டிகள் வந்தன. ஒரு டச்சுக்காரக் கணவன் மனைவியும் எங்களோடு. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள். நீ காட்டிய போட்டோவை நான் சரியாகப் பார்க்காமல் தள்ளிவிட்டேன் அல்லவா, அதனால் எனக்கு அவள் புதுசு. கறுப்புதான், உன்னைவிட ஒரு சுற்றுக் கறுப்பு. பல் கொஞ்சம் முன்னால். ஆனால் சிரித்தால் அந்தப் பல் அழகாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். என் தலையில் ஹெல்மெட்டை வைத்து, வார் தாடையைக் கிள்ளாமல் இருக்க ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் பூட்டினாள். பிறகு காலால் மிதிகட்டையை இறக்கிவிட்டு, "இடது முழங்காலுக்கு வேலை வெக்காதீங்க பெரியம்மா, வலது கால ஊனி ஏறுங்க" என்றாள். எந்தக் கால் வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மகனே, நான் போனது அவளிடம் குற்றம் கண்டுபிடிக்க. மனதில் இருந்ததை மறைப்பானேன். ஒரு குற்றமாவது கையில் கிடைத்தால் உனக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் போனேன். அதனால் ஏறியதிலிருந்து நச்சரித்தேன். வேகம் என்றேன், குறைத்தாள். இது என்ன நத்தை மாதிரி ஊர்கிறாய் என்றேன், கூட்டினாள். காற்று அடிக்கிறது என்றேன். சிக்னலில் நிறுத்தித் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றினாள். வியர்க்கிறது என்றேன். அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்து, "பெரியம்மாவுக்கு ஒரே நேரத்துல கோடையும் குளிரும் வருது, பெரிய மனுஷிதான்" என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் வந்த வண்டியில் ஹுவாங்கும் சிரித்தாள், துரோகி.

ஆனால் ஊர்! உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். நான் எட்டு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுந்து கரி மூட்டுகிறவள். விளக்கு எரியும் சைகோனை எங்கே பார்த்தேன்? பெரிய மண்டபத்துக்கு முன்னால் அந்த நடைபாதை வீதியில் பிள்ளைகள் சோப்புக் குமிழி ஊதுகிறார்கள், ஒரு கிழவர் தன்னந்தனியாக நடனம் பழகுகிறார், யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. பூச்சந்தையில் லாரி லாரியாகச் சாமந்தி வந்து இறங்குகிறது. என் கடைக்கு நாலு தெரு தள்ளி இத்தனை நடக்கிறது, நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நச்சரிக்க மறந்துபோனேன். "அதோ அங்க என்ன கூட்டம், அங்க விடு" என்று அவள் தோளைத் தட்டிக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு ஒரு நொய்ச்சோற்றுக் கடையில் நிறுத்தினார்கள். என் தொழிலிலேயே கை வைத்தால் நான் சும்மா இருப்பேனா? விலாக்கறி ஓரம் கருகி நடுவில் வேகாமல் இருந்தது, மீன் சாற்றில் சர்க்கரை தூக்கல். நான் தட்டைத் தள்ளினேன். குயென் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வாஸ்தவம் பெரியம்மா. நல்ல நொய்ச்சோறு வேணும்னா நாலாம் வட்டத்துல ஒரு கடை இருக்கு. விடியக்காலையிலயே திறந்துடுவாங்க, எட்டு மணிக்கெல்லாம் சட்டி காலி. ஆனா அந்தக் கடைக்காரம்மா கொஞ்சம் கோவக்காரங்க." எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஹுவாங் எதிரில் உட்கார்ந்து, "அப்படியா? எவ்ளோ கோவக்காரங்க?" என்று வேண்டுமென்றே கேட்கிறாள். இவள் சொல்கிறாள், "கரியை விடச் சூடு. ஆனா கறி வெந்துடுது பாருங்க, அதுதானே முக்கியம்."

அங்கிருந்து ஆற்றின் மேலே அந்தப் புதுப் பாலத்துக்குப் போனோம். எல்லாரும் உயரமான கட்டடங்களைப் போட்டோ எடுத்தார்கள். குயென் அந்த டச்சுக்காரர்களை எதிர்ப்பக்கம் திருப்பி, இருட்டாகக் கிடந்த பழைய துறைமுகக் கரையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "கட்டடத்தை எல்லாரும் காட்டுவாங்க பெரியம்மா. நான் அந்தக் கரையக் காட்டினேன். அங்க முதுகுல மூட்டை எறக்குன ஆளுங்க இல்லேன்னா இந்த ஊரு இவ்ளோ ஒசரம் வளர்ந்திருக்குமான்னு சொன்னேன்" என்றாள். உன் அப்பா மூட்டை இறக்கிய கரை அது. அவர் செத்த இடமும் அதுதான். கறுப்புக் கண்ணாடி எதற்கு உதவியதோ இல்லையோ, அங்கே உதவியது. அவள் என்னைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை துடைத்தாள்.

பிறகு மழை பிடித்தது. இந்த வருஷத்தின் கடைசி மழையாக இருக்கும், கொட்டித் தீர்த்தது. அவள் தன் மழைக்கோட்டின் வாலைத் தூக்கி என் தலைக்கு மேல் போட்டு என்னை உள்ளே மூடிவிட்டாள். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு நான் அப்படித்தானே கொண்டுபோவேன், உள்ளே இருந்துகொண்டு "எங்க வந்துட்டோம், எங்க வந்துட்டோம்" என்று கேட்டுக்கொண்டே வருவாய். இப்போது நான் கேட்டேன். "பாலம் இறங்கிட்டோம் பெரியம்மா... இப்ப கால்வாய்... இப்ப ஒரு ஆளு குடையப் பறக்க விட்டுட்டுத் துரத்துறாரு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எல்லாம் பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கோட்டுக்குள்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அது நடந்த இடம் அதுதான், நேரம் எட்டேகால்.

பிடித்துப்போனதும் பயம் வந்தது. நீ என் பயத்தைப் பிடிவாதம் என்று நினைத்தாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியாக நத்தை தின்னக் கூட்டிப்போனார்கள். மழைக்கோட்டை விலக்கிப் பார்த்தால் எங்கே நிற்கிறேன் என்கிறாய்? நம் தெரு முனை! நத்தைக்காரி சென்னின் கடை! நான் திரும்பி உட்கார்ந்து தொப்பியை மூக்கு வரை இழுத்தேன். என்ன பிரயோசனம்? சென் தேங்காய்ப்பால் சட்டியோடு வந்தவள் தெருவே கேட்கிற மாதிரி, "அடியே லுவா! என்னடி வேஷம் இது? வெள்ளைக்காரங்களோட சேர்ந்து ஊர் சுத்துறியா? வீடு பின்னாடிதான் இருக்கு, வழி மறந்துடுச்சா?" என்றாள். ஹுவாங் வாயில் நத்தையை வைத்துக்கொண்டே, "இவங்க துயெட் அக்கா, மீ தோ" என்று இழுத்தாள். "மீ தோவா? முப்பது வருஷமாப் பாக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா? கண்ணாடியக் கழட்டுடி, நத்தைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமத் தின்னுத் தொலைக்கப் போற!" என்றாள் சென்.

எனக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. குயென் குண்டூசியால் ஒரு நத்தையைச் சுழற்றி எடுத்து, இஞ்சிச் சாற்றில் தோய்த்து, என் தட்டில் வைத்தாள். "எனக்கு ஆறு மணிக்கே தெரியும் பெரியம்மா. சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள், அவ்வளவு சாதாரணமாக.

விஷயம் என்ன தெரியுமா? அவள் நம் கடைக்குப் பதினோரு தடவை வந்திருக்கிறாள். வண்டிக்காரர்கள் எல்லாரையும் போல முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, பொட்டலம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நான் முழங்காலைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறாள். "ஒரு நாள், வண்டிய ஓரமா நிறுத்துடி, கண்ணு என்ன பிடரியிலயா இருக்குன்னு திட்டினீங்க. அப்புறம் பொட்டலத்தைப் பிரிச்சா ஒரு முட்டை கூடுதலா இருந்துச்சு. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், இந்தம்மாகிட்ட மல்லுக்கட்டலாம்னு" என்றாள். நான் வேவு பார்க்கப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே அவள் என்னை வேவு பார்த்து முடித்திருக்கிறாள்.

சென் வம்புக்காரி அல்லவா, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பொண்ணு என்ன வருஷம்?" என்றாள். ஹுவாங் பெருமூச்சு விட்டு, "புலி. அங்கதான் சிக்கல்" என்றாள். குயென் அடுத்த நத்தையை எடுத்துக்கொண்டே, "யாரு சொன்னது? நான் எருமை" என்றாள். தொண்ணூற்றெட்டு ஜனவரி இருபத்தஞ்சு. அந்த வருஷம் புது வருஷம் பிறக்கிற டெட் பண்டிகை ஜனவரி இருபத்தெட்டு. புலி வருஷம் பிறக்க மூன்று நாள் முன்னால் பிறந்த குழந்தை எப்படிப் புலியாகும்? எருமைதான், சுத்தமான எருமை, உழைக்கிற ஜாதி. நாங்கள் மூன்று பேரும் விரல் மடக்கி எண்ணினோம். இரண்டு தடவை எண்ணினோம்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஊரில் எவள் வீட்டுக் குழந்தைக்கும் தேதி பார்த்துச் சொல்கிறவள் நான். ஜனவரிக் குழந்தை என்றால் டெட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பது அரிச்சுவடி. நீ "தொண்ணூற்றெட்டு" என்றாய், என் காது அங்கேயே அடைத்துவிட்டது. உன் அப்பா போன வருஷம் அது. மாதம் கேட்காமலே ஜோசியரிடம் ஓடினேன், அவரும் கேட்கவில்லை. உனக்கு என்ன கேடு? ஒவ்வொரு ஜனவரியும் அவளுக்கு ஒசாகாவிலிருந்து கேக் அனுப்பத் தெரிந்த உனக்கு, அது டெட்டுக்கு முன்னால் வருகிறதா என்று ஒரு காலண்டரைப் புரட்டத் தோன்றவில்லையா?

சென் சட்டியைக் கரண்டியால் தட்டினாள். ஹுவாங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குயென் கையைப் பிடித்து, இனி ஒரு தடையும் இல்லை, இன்றைக்கே கியெட்டுக்குப் போன் போடுகிறேன் என்றேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"இதை ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும் பெரியம்மா. ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். இன்னிக்கு நீங்களே தேடி வந்ததாலதான் சொன்னேன், அதுவரைக்கும் சொல்லல. மூணு நாள் முன்னாடி பொறந்ததால நான் நல்லவ, மூணு நாள் கழிச்சுப் பொறந்திருந்தா ஆகாதவன்னா, அந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை? நாளைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா மறுபடியும் காலண்டரைத் தானே எடுப்பீங்க? நான் நெசமாவே புலியா இருந்தா என்னைக் கூப்பிடுவீங்களா? அதைச் சொல்லுங்க. இப்பவே வேணாம். யோசிச்சுச் சொல்லுங்க."

உன்னைப் பற்றியும் சொன்னாள், அதையும் கேட்டுக்கொள். "அவரு உங்ககிட்ட நின்னு சண்டை போட்டிருக்கணும். இல்ல, எங்கிட்ட வந்து முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ரெண்டும் இல்லாம, யாரையும் கட்டமாட்டேன்னு ஒசாகாவுல போய் ஒளிஞ்சுக்கிட்டா அது வீரமா? டெட் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் யாருக்காகவும் வாசலைப் பாத்துட்டு நிக்கமாட்டேன்" என்றாள். சென் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, ஹெல்மெட் வாரை அவளே அவிழ்த்துவிட்டுப் போனாள்.

இனிமேல் எழுதுவதுதான் கடினம், கியெட். நாலு காகிதம் கிழித்துப் போட்டாயிற்று.

உனக்குத் தெரிந்தது, உன் அம்மா அறுபத்துமூன்றில் பிறந்தவள், பூனை வருஷம். என் அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. அது பொய். நான் பிறந்தது அறுபத்திரண்டு. புலி வருஷம், டெட் முடிந்து நாலு மாதம் கழித்து, எந்தக் கணக்காலும் தப்பிக்க முடியாத புலி. புலிப் பெண்ணை யார் கட்டுவான் என்று பயந்து என் அப்பா ஒரு வருஷம் தள்ளி எழுதிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஏமாற்றிக் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அவர், "பூனைன்னு சொன்னப்பவே சந்தேகப்பட்டேன், இவ்ளோ சத்தம் போடுறியேன்னு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவர் செத்தபோது உனக்கு ஆறு வயது. அந்த வருஷமும் ஒரு புலி வருஷமாகவே வந்து சேர்ந்தது. துக்கத்துக்கு வந்த என் பெரியம்மா வாய் தவறி என் உண்மையான வயதைச் சொல்லிவிட்டாள். உன் அப்பாவைப் பெற்ற பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. அவள் திட்டவில்லை. "அப்படியா" என்றாள், அதோடு இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நீ ஏன் பாட்டி வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் தூரம் என்றேன். நானே அதை நம்பிவிட்டேன் மகனே. நான்தான் அவரைத் தின்றேன் என்று இருபத்தாறு வருஷமாக நம்பினேன். கரி மூட்டும்போது, கறி திருப்பும்போது, உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது, இதேதான். உன்னையும் ஒரு புலிக்குக் கொடுக்க மாட்டேன் என்றேனே, அது அவள்மேல் இருந்த வெறுப்பு இல்லை. என்மேல் இருந்தது.

புதன்கிழமை கடை போடவில்லை. சந்தே ஆச்சரியப்பட்டது. உன் அப்பா படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிவைத்து உட்கார்ந்து, அந்தப் பெண் கேட்ட கேள்வியை அவரிடம் சத்தமாகச் சொன்னேன். படம் என்ன பேசப்போகிறது? ஆனால் சத்தமாகச் சொன்னபோது எனக்கே கேட்டது. இதே கேள்விக்கு அவர் ஒருதரம் பதில் சொன்னவர். புலி என்று தெரிந்தேதான் வந்தார். அவர் ஏமாளி என்று நான் நினைக்கிறேனா? அவர் வாழ்ந்த பதினோரு வருஷம் தப்பு என்று நினைக்கிறேனா? இல்லை. அவரைப் போல ஒரு மனிதரை என்னால் ஏமாளி என்று சொல்ல முடியாது.

நேற்று சாயந்திரம் தபாலாபீஸ் வாசலுக்குத் தனியாகப் போனேன், தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. விருந்தாளிகளுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். என் வயதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "நீ புலியா இருந்தாலும் வா. பயந்துகிட்டேதான் கூப்பிடுவேன், ஆனா கூப்பிடுவேன்" என்றேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் கையில் இருந்த ஹெல்மெட்டை வண்டியில் மாட்டினாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே, "வீட்டுக்கு ஒரு புலி போதும் அத்தை. நான் எருமையாவே இருந்துக்கறேன்" என்றாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள், எடுக்கட்டும்.

இனி உன் முறை. அவளிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது. அவள் எருமை என்று இதில் எழுதிவிட்டேன், என் வாயும் பேனாவும் எதையும் வைத்துக்கொள்ளாது. ஆனால் அதற்காக வராதே. அவள் புலி என்று நினைத்துக்கொண்டே வா. அப்படி வந்தால்தான் அவள் கதவைத் திறப்பாள் என்று நினைக்கிறேன், எனக்கும் அதுதான் பிடிக்கும். அந்தப் பட்டறைக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே மகனே. டெட்டுக்கு வீட்டில் இரு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளாதது. உன் அப்பா செத்தது கிரேன் கயிறு அறுந்து. பழைய கயிறு, மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த கயிறு. அதனால்தான் செத்தார். வேறு எதனாலும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்தை மூடிக்கொள். நீ விரும்பியவளோடு நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று உன் அப்பாவின் பேரைச் சொல்லி ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
புலி வருஷத்தில் பிறந்த உன் அம்மா,
லுவா